அலறலும் ஆர்ப்பரிப்பும்

1965 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஷே ஸ்டேடியம் என்ற விளையாட்டரங்கம். திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அன்று மாலை அங்கே சுமார் 55,600 பேர் கூடியிருந்தார்கள். ராக் இசையைக் கேட்க அதற்கு முன்பு அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதில்லை. அதில் பெரும்பகுதி பதின்ம வயதுப் பெண்கள். மைதானத்தின் நடுவே போட்டிருந்த மேடையில் பீட்டில்ஸ் குழுவின் நான்கு இளைஞர்களும் ஏறியபோது எழுந்த சத்தம், அவர்கள் இறங்கிப் போகும்வரை அடங்கவில்லை. அரைமணி நேரம், பன்னிரண்டு பாட்டு. பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு காதில் விழவில்லை. அன்று எடுத்த படத்தில், காவலர்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். மயங்கிய பெண்களைத் தூக்கிச் செல்வதையும் பார்க்கலாம்.

கோடை முடிந்து குளிர் தொடங்கும்போது அதே அரங்கம் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் சொந்த மைதானமாக மாறும். ஜெட்ஸ் ஒரு தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் அணி. இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, ஒருவரையொருவர் மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம். அதைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அழுதார்கள். முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஆனால் இந்த ஆண்கள் ஏன் கத்துகிறார்கள் என்று மனநல நிபுணர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பெண்களைப் பற்றிக் கேட்டார்கள். பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்த அதே மாதம், 1964 பிப்ரவரியில், நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் பெண்கள் ஏன் இப்படி அலறி அழுகிறார்கள் என்று ஆராயும் கட்டுரையே வந்தது.

ஒரே அரங்கம், ஒரே வகைச் சத்தம். தமிழில் நம்மிடம் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. பெண் கத்தினால் அலறல். ஆண் கத்தினால் ஆர்ப்பரிப்பு. அலறுகிறவள் தன்னை இழந்தவள். ஆர்ப்பரிப்பவன் வெற்றியைக் கொண்டாடுகிறவன். இந்தப் பாகுபாடு வெறும் சொல்லோடு நிற்கவில்லை. யாருடைய ரசனைக்கு மதிப்பு, யாருக்கு நுழைவு, யாருக்குக் கூலி என்பதையெல்லாம் அது தீர்மானித்திருக்கிறது. அமெரிக்காவின் இரு பெரும் ரசிகர் உலகங்களான கிளாசிக் ராக் இசையிலும் தொழில்முறை ஃபுட்பாலிலும் அது எப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம்.

அலறியவர்கள் என்ன செய்தார்கள்?

இசை கேட்டுத் தன்னை மறக்கும் பெண்ணை நோயாளியாகப் பார்ப்பது பீட்டில்ஸ் காலத்தில் தொடங்கியதல்ல. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் வாசித்தபோது ஐரோப்பியப் பெண்கள் கொண்ட உற்சாகத்துக்கு, 1844இல் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே ‘லிஸ்டோமேனியா’ என்று பெயரிட்டார். மேனியா என்றால் பித்து. 1963இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதே ஒட்டை எடுத்து ‘பீட்டில்மேனியா’ என்றன. 1964 பிப்ரவரி 28 அன்று வெளியான ‘நியூ ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் பால் ஜான்சன் என்ற எழுத்தாளர், பீட்டில்ஸைச் சுற்றிக் கூடும் பிள்ளைகள் தங்கள் தலைமுறையிலேயே மந்தமானவர்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்ற பொருளில் எழுதினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமாவது பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பேசிப் பார்த்தவர்கள் பெண்ணியவாதிகள்தான், அதுவும் இருபதாண்டுகள் கழித்து. பார்பரா எரன்ரைக், எலிசபெத் ஹெஸ், குளோரியா ஜேக்கப்ஸ் மூவரும் 1986இல் வெளியிட்ட ‘ரீ-மேக்கிங் லவ்’ என்ற நூலில் பீட்டில்மேனியாவைத் திரும்பப் படித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி வேறு. அந்தப் பெண்பிள்ளைகளை அதற்கு முன்பு எப்படி வளர்த்திருந்தார்கள்? அடக்கம், ஒழுக்கம், நல்ல பெயர், சீக்கிரம் கல்யாணம். உடலின் ஆசையைக் காட்டக்கூடாது. பையனை ஓர் எல்லைக்குமேல் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பெண்ணுடையதே. அப்படி வளர்ந்தவள் பொதுவெளியில், போலீஸ் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடி, குரல் கம்மும்வரை கத்துகிறாள். அறுபதுகளில் பெண்கள் பெருந்திரளாகக் கட்டுப்பாட்டை மீறிய முதல் சந்தர்ப்பம் அது என்று மூவரும் வாதிட்டார்கள். அவளிடம் கோரிக்கை இல்லை, கொடி இல்லை. ஆனால் அடங்கியிருக்க மாட்டேன் என்பதை உடம்பால் சொல்லிவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில் எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் நின்றவர்களும் அல்லர். புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் கேட்டர் பவுல் என்ற ஃபுட்பால் அரங்கம் இருந்தது. 1964 செப்டம்பர் 11 அன்று அங்கே பீட்டில்ஸ் கச்சேரி. இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இருக்கை என்றால் வாசிக்கமாட்டோம் என்று குழு அறிவித்தது. இருக்கைகள் பிரிக்கப்படவில்லை. அன்று தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு போன கறுப்பினப் பெண் கிட்டி ஆலிவர் பின்னாளில் வரலாற்றாய்வாளரானார். சுற்றிலும் வெள்ளை முகங்கள், தானும் அவர்களோடு சேர்ந்து கத்தியது எனத் தன் நினைவை 2016இல் வந்த ‘எய்ட் டேஸ் எ வீக்’ ஆவணப்படத்தில் சொல்கிறார். பித்து என்று பெயரிடப்பட்ட அந்தச் சத்தத்துக்குள், தன் ஊரில் தான் உட்காரக் கூடாது என்றிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் குரலும் இருந்தது. இந்த அரங்கத்துக்கு மறுபடியும் வருவோம்.

கத்துவது ஓர் உத்தி

இப்போது ஃபுட்பாலுக்குப் போவோம். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் முன்பு குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டத் தலைவன் சத்தமாகக் குறிச்சொற்களைச் சொல்வான். பந்து எந்த நொடியில் கிளம்பும் என்பதை மற்றப் பத்துப் பேரும் அதைக் கேட்டுத்தான் அறிவார்கள். உள்ளூர்க் கூட்டம் அந்த நேரம் பார்த்துக் காது கிழியக் கத்தினால் எதிரணிக்கு எதுவும் கேட்காது. ஒருவன் முந்திக்கொள்வான். தண்டனையாக ஐந்து கெஜம் போகும். அதனால்தான் கூட்டத்தைப் பன்னிரண்டாவது ஆட்டக்காரன் என்கிறார்கள். தன் அணி பந்தை வைத்திருக்கும்போது மௌனமாகவும், எதிரணி வைத்திருக்கும்போது இடிபோலவும் இருக்கத் தெரிந்தவனே நல்ல ரசிகன்.

2014 செப்டம்பர் 29 அன்று கேன்சஸ் சிட்டியின் ஏரோஹெட் அரங்கில் எழுந்த சத்தம் 142.2 டெசிபல். கின்னஸ் நிறுவனத்தார் கருவியோடு வந்து அளந்து, உலகிலேயே அதிக ஓசை எழுப்பிய அரங்கக் கூட்டம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஷே அரங்கின் சிறுமிகள் எழுப்பிய சத்தத்துக்கு மருத்துவப் பெயர் கிடைத்தது. இந்தச் சத்தத்துக்குச் சாதனைப் பட்டம் கிடைத்தது.

ஏரோஹெட் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். என்.எஃப்.எல். எனப்படும் தேசிய ஃபுட்பால் லீக், தன் ரசிகர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஆனாலும் ஃபுட்பால் பிடிக்கும் என்று ஒரு பெண் சொன்னால் அடுத்து வருவது ஒரு தேர்வுதான். விதி தெரியுமா? போன வருடம் யார் ஜெயித்தது? எந்த ஆட்டக்காரன் அழகாக இருக்கிறான் என்று பார்க்கிறாய்? ஆணிடம் இந்தத் தேர்வை யாரும் வைப்பதில்லை. அவன் பிறப்பிலேயே தேறியவன்.

பார்ப்பதோடு நிற்காமல் ஆட்டத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் வந்த பெண்களுக்கு விலை இன்னும் கூடுதல். 1987 டிசம்பர் 27 அன்று கேல் சீரன்ஸ் என்ற செய்தி வாசிப்பாளர், கேன்சஸ் சிட்டியும் சியாட்டிலும் ஆடிய ஆட்டத்துக்குத் தொலைக்காட்சியில் நேரடி வர்ணனை செய்தார். என்.எஃப்.எல். ஆட்டத்தை வர்ணித்த முதல் பெண். இரண்டாவது பெண் பெத் மோவின்ஸ். அவர் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தது 2017 செப்டம்பரில். இடையில் முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் உடை மாற்றும் அறையில்தான் செய்தியாளர்கள் பேட்டி எடுப்பார்கள். ஆண் செய்தியாளர் உள்ளே. பெண் செய்தியாளர் கதவுக்கு வெளியே. அவளுக்கு வீரர் வந்து சேர்வதற்குள் செய்தி பழசாகிவிடும். பேஸ்பால் விளையாட்டில் இந்தத் தடையை எதிர்த்து மெலிசா லட்கி வழக்குப் போட்டார். 1978இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தவர், குடிமை உரிமை வழக்குகளில் வாதாடிப் பெயர்பெற்ற கறுப்பினப் பெண் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. ஃபுட்பால் லீக் 1985இல்தான் எல்லாருக்கும் சம அனுமதி என்று விதி செய்தது. விதி வந்தும் 1990இல் லிசா ஓல்சன் என்ற பாஸ்டன் செய்தியாளர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் அறையில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, சில வீரர்கள் நிர்வாணமாக வந்து நின்று ஆபாசமாகப் பேசினார்கள். லீக் விசாரணை வைத்தது. அணிக்கு 50,000 டாலர் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு ஓல்சனுக்கு வந்தவை கொலை மிரட்டல்கள். மிரட்டியவர்கள் வீரர்கள் அல்லர், ரசிகர்கள். அவர் நாட்டை விட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய் வேலை செய்ய வேண்டியதாயிற்று.

அலறல் ஓய்ந்தது, கலை பிறந்தது

1966 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் அரங்கில் வாசித்ததோடு பீட்டில்ஸ் சுற்றுப்பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். தங்கள் இசையே தங்களுக்குக் கேட்காதது முக்கியமான காரணங்களில் ஒன்று. அதன்பின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய் அவர்கள் செய்த இசைத்தட்டுகளை விமர்சகர்கள் கலை என்று கொண்டாடினார்கள். ராக் வரலாற்றுப் புத்தகங்கள் இதைத் திருப்புமுனை என்கின்றன. அந்தக் கதையில் ஒரு பூடகம் உண்டு. சிறுமிகள் கேட்டவரை அது பித்து. இளைஞர்கள் உட்கார்ந்து கேட்கத் தொடங்கியதும் அது கலை. அந்த நால்வரை உலகப் புகழுக்குத் தூக்கிவிட்டது யாருடைய காசு? ரசிகர் மன்றம் நடத்தி, கடிதம் எழுதி, இசைத்தட்டு வாங்கி, விமான நிலையத்தில் காத்துக் கிடந்தவர்களின் காசும் உழைப்பும்தான்.

1967இல் தொடங்கிய ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் ராக் ரசனைக்கு இலக்கணம் எழுதும் இடமாயிற்று. 1969 பிப்ரவரியில் அது பெண்களைப் பற்றி ஒரு சிறப்பிதழ் போட்டது. தலைப்பு: ‘குரூப்பி’கள். அதாவது, இசைக்கலைஞர்களோடு படுக்கப் போகிறவர்கள். அந்தச் சொல் அன்றிலிருந்து எல்லா ரசிகைகள் மீதும் ஒட்டிக்கொண்டது. கேட்க வந்தவள், எழுத வந்தவள், கித்தாரோடு வாசிக்க வந்தவள் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, நீ யாருடன் வந்தாய் என்று கேட்க அது உதவியது.

ஆனால் அதே ஆண்டு ராக் இசைக்கு முதல் கலைக்களஞ்சியத்தை எழுதி வெளியிட்டவர் ஒரு பெண். நியூயார்க்கில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் லிலியன் ராக்ஸன். அதற்கு முந்தைய ஆண்டு, ‘நியூயார்க்கர்’ இதழின் முதல் ராக் விமர்சகராகச் சேர்ந்தவரும் ஒரு பெண்தான். அவர் எலன் வில்லிஸ். 1969இல் ஷுலமித் ஃபயர்ஸ்டோனோடு சேர்ந்து ‘ரெட்ஸ்டாக்கிங்ஸ்’ என்ற பெண்ணியக் குழுவைத் தொடங்கியவரும் அவரே. பகலில் கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடியவர், இரவில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் ஆடினார். இரண்டையும் மறைக்காமல் எழுதினார். அவரிடம் மறுபடி வருவோம்.

‘கிளாசிக் ராக்’ என்ற பெயரே எண்பதுகளில் வானொலி நிலையங்கள் உருவாக்கியது. அறுபது, எழுபதுகளின் இசைத்தட்டுகளை மட்டும் சுழற்றினால், அவற்றைக் கேட்டு வளர்ந்து இப்போது கையில் சம்பளத்தோடு இருக்கும் ஆண்களை விளம்பரக்காரர்களிடம் விற்கலாம் என்ற கணக்கு. கேட்பவர் ஆண் என்று முடிவானபின், ஒலிபரப்பும் பட்டியலில் பெண்கள் அருகிப்போனார்கள். 1986இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கம் முதல்முறை கௌரவித்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை. அடுத்த ஆண்டு அரீதா ஃபிராங்க்ளின் சேர்க்கப்பட்டார். மின்கித்தாரோடு தேவாலயப் பாடல்களைப் பாடி ராக் இசைக்கே வழி காட்டிய கறுப்பினப் பெண் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்புக்கு 2018 வரை இடம் கிடைக்கவில்லை. ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை எல்விஸ் பிரெஸ்லிக்கு முன்பே 1952இல் பதிவு செய்த பிக் மாமா தார்ன்டனுக்கு 2024 வரை கிடைக்கவில்லை. இருவரும் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 2023இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வென்னர் ராக் மேதைகளின் பேட்டிகளைத் தொகுத்து நூல் வெளியிட்டார். அதில் பெண்களும் இல்லை, கறுப்பர்களும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலால் எதிர்ப்பு எழுந்து, புகழரங்க அறக்கட்டளையின் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

அரை நொடியும் ஆறு ஆண்டுகளும்

இந்த இரண்டு உலகங்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம், ஃபுட்பால் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் இடைவேளைக் கச்சேரி.

2004 பிப்ரவரி 1, ஹூஸ்டன். ஜேனட் ஜாக்சன் என்ற கறுப்பினப் பாடகியும் ஜஸ்டின் டிம்பர்லேக் என்ற வெள்ளையினப் பாடகரும் மேடையில். பாட்டின் முடிவில் டிம்பர்லேக் கையை நீட்டி ஜாக்சனின் மேலாடையின் ஒரு பகுதியை இழுத்தார். அவருடைய வலது மார்பகம் சுமார் அரை நொடி திரையில் தெரிந்தது. இழுத்த கை ஆணுடையது. தண்டனை பெண்ணுக்கு. ஒரு வாரம் கழித்து நடந்த கிராமி விருது விழாவில் ஜாக்சன் இல்லை. டிம்பர்லேக் வந்து மன்னிப்புக் கேட்டு, இரண்டு விருதும் வாங்கிப் போனார். அரசு ஆணையம் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம் போட்டது. பின்னர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜாக்சனின் தொழில் வாழ்க்கைக்கு விழுந்த அடியை ரத்து செய்ய நீதிமன்றம் எதுவும் இல்லை. 2018இல் சூப்பர் பவுல் மேடைக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர் டிம்பர்லேக்.

லீக் என்ன பாடம் கற்றது தெரியுமா? 2005 முதல் 2010 வரை இடைவேளையின் முதன்மைக் கலைஞர்களாக வந்தவர்களைப் பாருங்கள்: பால் மெக்கார்ட்னி, ரோலிங் ஸ்டோன்ஸ், பிரின்ஸ், டாம் பெட்டி, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், தி ஹூ. ஆறு ஆண்டுகள், ஆறும் ஆண்கள். பெரும்பாலும் அறுபது, எழுபதுகளின் ராக் நாயகர்கள். குடும்பத்தோடு பார்க்கலாம், பயமில்லை. அவர்களில் சிலருடைய பாடல்கள் பெண்ணைக் காலடியில் போட்டு மகிழ்பவை. அது யாரையும் உறுத்தவில்லை. பெண்ணின் உடல் அரை நொடி தெரிந்தது உறுத்தியது.

வரிசையில் முதலில் வந்த மெக்கார்ட்னி பாடிய இடத்தைக் கவனியுங்கள். 2005 பிப்ரவரி, ஜாக்சன்வில். பழைய கேட்டர் பவுலை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டிய அரங்கம். 1964இல் இங்கேதான் கிட்டி ஆலிவர் முதன்முதலாக வெள்ளையர் நடுவே உட்கார்ந்து கத்தினார். அன்று அந்த மனிதரின் பாட்டு, இளம்பெண்களைக் கெடுக்கும் ஆபத்து. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மனிதர், ஒரு கறுப்பினப் பெண் ஏற்படுத்தியதாகச் சொல்லப்பட்ட ஆபத்தைத் துடைக்க வந்த பாதுகாப்பான தேர்வு.

நேசிப்பதன் கணக்கு

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு பெண் எப்படி ரசிகையாக இருக்க முடியும்? வெளியிலிருந்து கேட்பதற்கு எளிய கேள்வி. உள்ளே இருப்பவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் கேள்வி.

சின்ன விஷயங்களில் தொடங்குகிறது. 2013இல் லீக் பாதுகாப்புக் காரணம் சொல்லி அரங்குக்குள் கைப்பைகளைத் தடை செய்தது. உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பை கொண்டுவரலாம், அல்லது நாலரைக்கு ஆறரை அங்குலத்தில் ஒரு கையடக்கப் பை. சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் உடம்புக்கு இதில் சிரமமில்லை. மாதவிடாய் நாப்கினும் குழந்தையின் மாற்றுத் துணியும் மாத்திரையும் சுமக்கிறவள், அவற்றைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

மைதானத்தின் ஓரத்தில் ஆடி உற்சாகமூட்டும் பெண்களுக்கு நடந்தது கூலித் திருட்டு. 2014இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் சியர்லீடர்கள் வழக்குப் போட்டபோது உண்மை வெளியே வந்தது. ஓர் ஆட்டத்துக்கு 125 டாலர். பயிற்சி, விளம்பர நிகழ்ச்சி எல்லாவற்றையும் கணக்கிட்டால் மணிக்கு ஐந்து டாலருக்கும் குறைவு. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூட இல்லை. வழக்கு 12.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா மாநிலம் சியர்லீடர்களை ஊழியர்களாக ஏற்கும் சட்டம் கொண்டுவந்தது.

அதே 2014 செப்டம்பரில்தான் பால்டிமோர் ரேவன்ஸ் வீரர் ரே ரைஸ், தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை லிஃப்டுக்குள் அடித்து வீழ்த்தும் காணொளி வெளியானது. அதற்கு முன்பு லீக் அவருக்குக் கொடுத்திருந்த தண்டனை இரண்டு ஆட்டத் தடை. காணொளி வந்த அன்றே அணி அவரை நீக்கியது. அடித்தது முன்பே தெரியும். ஊர் பார்த்துவிட்டது என்பதுதான் புதிது. அவருடைய எண் பொறித்த ஜெர்சியைக் கொண்டுவந்து கொடுத்தால் வேறு ஜெர்சி தருவோம் என்று அணி அறிவித்தபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அதற்குச் சில நாள் முன்பு நடந்த ஆட்டத்துக்கு அதே ஜெர்சியை அணிந்து வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். செய்தியாளர்கள் அந்தப் பெண்களைத்தான் தேடிப் பிடித்து, எப்படி உங்களால் முடிகிறது என்று கேட்டார்கள். வீரனின் குற்றத்துக்கும் லீக்கின் மெத்தனத்துக்கும் பதில் சொல்லும் கடமை ரசிகையின் தலையில் விழுந்தது. அவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி முதலில் போக வேண்டிய வாசல் வேறு.

இசையிலும் இதே கணக்கு உண்டு. அமெரிக்க அரங்குகளில் புள்ளி விழும்போதெல்லாம் பல ஆண்டுகள் ஒலித்தது கேரி கிளிட்டர் என்ற பிரிட்டிஷ் ராக் பாடகரின் 1972ஆம் ஆண்டுப் பாட்டு. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்திரிக்கும் படங்கள் வைத்திருந்ததற்காக 1999இலேயே அவர் தண்டனை பெற்றார். 2006இல் வியட்நாமில் சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதற்காக மறுபடி தண்டனை பெற்ற பிறகுதான் அந்தப் பாட்டை நிறுத்தும்படி லீக் அணிகளைக் கேட்டுக்கொண்டது.

ஆட்டம் முடிந்து விளக்கணைந்த பிறகும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. ஜான் மேக்கி, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் நட்சத்திரம், ஜெர்சி எண் 88. ஓய்வுக்குப் பிறகு மறதி நோய் அவரைத் தின்றது. அவர் மனைவி சில்வியா மேக்கி, மருத்துவக் காப்பீட்டுக்காக ஐம்பது வயதைத் தாண்டி விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போனார். தன் வீட்டில் நடப்பதை எழுதி லீக்கின் தலைவருக்குக் கடிதம் அனுப்பினார். அதன் விளைவாக 2007இல் வந்தது ‘88 திட்டம்’. மறதி நோய் கண்ட முன்னாள் வீரர்களைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்க்க ஆண்டுக்கு 88,000 டாலர் வரை. வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் 50,000 வரை. வீட்டில் வைத்துப் பார்ப்பது யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எலன் வில்லிஸ் இந்த முரணிலிருந்து ஓடவில்லை. பெண்களுக்கு எதிரான வரிகளைக் கொண்ட முரட்டு ராக் பாட்டுகள் தன்னை ஏன் இழுக்கின்றன என்று எழுபதுகளில் அவர் தன்னையே விசாரித்து எழுதினார். அவருக்குக் கிடைத்த விடை இது: தனக்கு வேண்டியதை அந்தப் பாடகன் கூச்சமில்லாமல் உரக்கக் கேட்கிறான். அந்தத் துணிச்சல் கேட்பவளையும் தொற்றிக்கொள்கிறது. பெண்களை மதிப்பதாகச் சொல்லும் மெல்லிய பாட்டு அடங்கியிருக்கச் சொன்னால், அதைவிட இது தனக்குப் போராட வலு தருகிறது. எல்லாரும் ஏற்க வேண்டிய விடை அல்ல. எனக்கே முழுச் சம்மதம் இல்லை. ஆனால் ஒன்றை நேசிப்பதும் அதன்மேல் வழக்குத் தொடுப்பதும் ஒரே ஆளால் முடியும் என்பதற்கு அவர் எழுத்து சாட்சி. லட்கியும் ஓல்சனும் சில்வியா மேக்கியும் ஓக்லண்ட் சியர்லீடர்களும் ஆட்டத்தை வெறுத்தவர்கள் அல்லர். அதற்குள் வாழ்ந்தவர்கள். உள்ளே இருந்ததால்தான் அவர்களுக்குத் தெரிந்தது, அவர்கள் பேசியதால்தான் கொஞ்சமாவது மாறியது.

ஞாயிறு இரவு

2006 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஞாயிறு இரவு ஃபுட்பால் ஒளிபரப்பு ஒரு ராக் பாட்டோடு தொடங்குகிறது. முதலில் பிங்க், பிறகு ஃபெய்த் ஹில், பிறகு கேரி அண்டர்வுட் எனப் பாடியவர்கள் எல்லாரும் பெண்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அதற்குப் பயன்பட்ட மெட்டு ஜோன் ஜெட்டின் 1988ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. ஜெட் 1975இல் பதின்ம வயதுப் பெண்கள் மட்டுமே கொண்ட ‘தி ரன்அவேஸ்’ குழுவில் கித்தார் வாசித்தவர். தனியாகப் பாட வந்தபோது 23 நிறுவனங்கள் மறுத்துவிட, சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். கோடிக்கணக்கான ஆண்கள் ஆட்டத்துக்குத் தயாராகும் அந்த நிமிடத்தில் ஒலிப்பது, கித்தார் பெண்ணுக்கானதல்ல என்று சொல்லப்பட்ட ஒருத்தியின் மெட்டு. மூலப் பாட்டின் தலைப்பைத் தமிழில் சொன்னால், உன்னை நேசிப்பதற்காக என்னையே வெறுக்கிறேன் என்று வரும். ஃபுட்பாலுக்காகச் சொற்களை மாற்றியபோது அந்தத் தலைப்பைத்தான் முதலில் கழற்றினார்கள்.

2023 செப்டம்பர் 24 அன்று டெய்லர் ஸ்விஃப்ட் என்ற பாடகி ஏரோஹெட் அரங்குக்கு ஆட்டம் பார்க்க வந்தார். அவரைப் பின்தொடர்ந்து பல பெண்பிள்ளைகள் முதன்முறையாக ஃபுட்பால் பார்க்கத் தொடங்கினார்கள். உடனே புலம்பல் கிளம்பியது. இவர்களுக்கு ஆட்டம் தெரியாது, கத்த மட்டுமே தெரியும், நம் விளையாட்டைக் கெடுக்கிறார்கள் என்று. மூன்று மணி நேர ஒளிபரப்பில் அந்தப் பாடகியின் முகம் சில நொடிகள் வந்ததையே தாங்க முடியவில்லை. 1964இல் பால் ஜான்சன் எழுதியதைப் பெயர் மாற்றி அச்சடித்ததுபோல் இருந்தது.

அதிகச் சத்தத்துக்காகக் கின்னஸ் சான்றிதழ் வாங்கிய அதே அரங்கம் அது. அங்கே புதிதாக வந்த பெண்களுக்கு எதிராக ஒரு கூட்டம் வைத்த குற்றச்சாட்டு, அவர்கள் கத்துகிறார்கள் என்பது. அந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டு எழுந்து போய்விடவில்லை. நான்கு வாய்ப்பு, பத்து கெஜம் என்று விதியைக் கற்றுக்கொண்டு, எப்போது மௌனம், எப்போது சத்தம் என்று பழகிக்கொண்டு, அடுத்த ஞாயிறும் வந்து உட்கார்ந்தார்கள்.